ஏ.எஃப். என்று சொல்லிவிட்டார்கள், இனி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய மருத்துவப் பிரிவு ஒன்றில் பன்னிரண்டு வருடம் மருந்து ஆய்வுகளின் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். டாக்டர் இல்லை. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு விசாரிப்பது, இவைதான் என் வேலை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு வராந்தாவில் என்னைப் பிடித்துக் கேட்டவை இங்கே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரிடம் பேசிச் செய்ய வேண்டியது. அதற்கு இந்தப் பக்கம் மாற்று இல்லை.

ஏ.எஃப்.னா என்ன? வெறும் படபடப்புதானே?

இதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் கண்டபடி நடுங்குவதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். மேலே தாறுமாறாகக் கிளம்பும் மின்துடிப்புகளில் சில மட்டும் கீழே இறங்குவதால் நாடி தாளம் தப்பி ஓடும்.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். பயத்தில் வரும் படபடப்பு வேகமாக இருக்கும், ஆனால் சீராக இருக்கும். ஏ.எஃப். வந்தால் ஒரு துடிப்பு பலமாக விழும், அடுத்தது பட்டும் படாமலும் போகும், அதற்கடுத்தது எப்போது என்றே சொல்ல முடியாது. எங்கள் வார்டில் ஒரு மூத்த நர்ஸ் ‘தாளம் தெரியாதவன் தவில் அடிச்ச மாதிரி’ என்பார். நாடி பார்த்துச் சந்தேகப்படலாம், உறுதி செய்ய ஈசிஜி வேண்டும்.

எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை?

ஒன்றும் பண்ணாமலேயே ஏ.எஃப். இருக்கும். பிரஷருக்குப் பார்க்க வந்தவர், கண் அறுவைக்கு முன் ஈசிஜி எடுத்தவர் என்று தற்செயலாக அகப்பட்டவர்கள் ஏராளம். கீழே பேசப்போகும் ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வில் சேர்ந்தவர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

மேலறை நடுங்கும்போது ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை உண்டு, தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறையும். அந்தக் கட்டி நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஏ.எஃப். இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று 1991-ல் காட்டியது. கட்டி உருவாவதை நெஞ்சு உணராது. ‘படபடப்பு இல்லை, அதனால் நிறுத்திட்டேன்’ என்று சொன்னவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

துடிப்பைச் சரி பண்ணாம, ரத்தம் நீர்க்கிற மாத்திரையை ஏன் முதல்ல குடுக்கறாங்க?

பக்கவாதத்தைத் தடுப்பது அதுதான் என்று எண்ணிப் பார்த்து நிரூபித்திருப்பதால். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007-ல் கணக்கிட்டபோது, இந்த வகையில் பழைய மருந்தான வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைத்திருந்தது. ஏ.எஃப். வைத்தியத்தில் இவ்வளவு பெரிய பலன் வேறெதற்கும் கிடையாது.

அப்புறம், அந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்குவது இல்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ‘நீர்க்கிற மாத்திரை’ என்ற பேச்சு நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆஸ்பிரின் சாதுவான மருந்தாச்சே, அது போதாதா?

போதாது. வார்ஃபரின் எடுக்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட 5,599 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதே வேலையைச் செய்யும் புது மாத்திரையான அபிக்ஸபான், மறு பாதிக்கு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். அவெரோஸ் என்ற அந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. வருடத்துக்கு நூற்றில் 3.7 பேருக்குப் பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ வந்தது ஆஸ்பிரின் பக்கம், அபிக்ஸபான் பக்கம் 1.6 பேர். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதில் பலரும் கவனிக்காத பாதி இனிமேல்தான் வருகிறது. பெரிய ரத்தக்கசிவு அபிக்ஸபானில் 1.4, ஆஸ்பிரினில் 1.2. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆஸ்பிரினைச் சாது என்று நாமாகத்தான் பெயர் வைத்திருக்கிறோம். மாரடைப்பு, ஸ்டென்ட் போன்ற வேறு காரணத்துக்காக ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அது தனிக் கதை, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வார்ஃபரின் எலி மருந்தாமே?

ஆமாம், பொய் இல்லை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கு அனுமதியானது. அடுத்த வருடமே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அதைக் கொடுத்தார்கள். எல்லாம் அளவைப் பொறுத்தது. அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை.

நம் ஊரில் அதிகம் புழங்கும் அசிட்ரோம் இதே குடும்பம். கீரையில் உள்ள வைட்டமின் கே இதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மாறுவதுதான் தொல்லை. ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

புது மாத்திரை நல்லதா, பழைய அசிட்ரோமே போதுமா?

வால்வு கோளாறு இல்லாத சாதாரண ஏ.எஃப். என்றால் புதியவை மேல். 2009-ல் ரீ-லை ஆய்வு 18,113 பேரிடம் டபிகாட்ரானை வார்ஃபரினோடு ஒப்பிட்டது. 2011-ல் அரிஸ்டாட்டில் ஆய்வு 18,201 பேரிடம் அபிக்ஸபானை ஒப்பிட்டது. ரிவராக்ஸபானுக்கு ராக்கெட், எடாக்ஸபானுக்கு எங்கேஜ் என்று வரிசையாக வந்தன. அரிஸ்டாட்டிலில் வருடத்துக்கு நூற்றுக்கு 1.60 பேருக்கு வந்த பக்கவாதமும் அடைப்பும் 1.27-ஆனது, பெரிய ரத்தக்கசிவு 3.09-லிருந்து 2.13-க்கு இறங்கியது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது மூளைக்குள் ரத்தம் கசிவது. நான்கு மருந்திலுமே அது வார்ஃபரினைவிடக் குறைவு.

ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வார்ஃபரின் ஒரு வேளை தவறினாலும் அதன் வேலை சில நாள் ஓடும், இவை ஒரு நாளில் வடிந்துவிடும். ரிவராக்ஸபானைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். டபிகாட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துத் தூளை மோரில் கலக்கிக் குடித்த ஒரு தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவே கூடாது, மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறிவிடும். இன்னொன்று, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவு மாறும். கிரியேட்டினின் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

எங்க அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஏன் அசிட்ரோம்? டாக்டருக்குப் புது மருந்து தெரியாதா?

அவருக்கு நன்றாகவே தெரியும். அம்மாவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியிருக்கும், அல்லது செயற்கை உலோக வால்வு பொருத்தியிருப்பார்கள். முந்தைய பதிலில் சொன்ன பெரிய ஆய்வுகள் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. பணக்கார நாடுகளில் ருமாட்டிக் வால்வு நோய் அநேகமாக ஒழிந்துவிட்டது. 47 நாடுகளில் எடுத்த ஒரு பதிவேட்டில், ஏ.எஃப். நோயாளிகளில் ருமாட்டிக் இதய நோய் உள்ளவர்கள் வட அமெரிக்காவில் 2.2 சதவீதம், இந்தியாவில் 31.5 சதவீதம். அதாவது நம்மில் மூன்றில் ஒருவருக்கு அந்த ஆய்வுகள் பதிலே சொல்லவில்லை.

அந்த ஓட்டையை அடைக்க, ரிவராக்ஸபானைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட வந்தது இன்விக்டஸ் ஆய்வு. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், சராசரி வயது ஐம்பதுதான், பத்தில் ஏழு பேர் பெண்கள். அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ரிவராக்ஸபான் ஜெயிக்கும் அல்லது சமமாக நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2022-ல் முடிவு தலைகீழாக வந்தது. ரிவராக்ஸபான் பக்கம் 552 பேர் இறந்திருந்தார்கள், பழைய மாத்திரை பக்கம் 442 பேர். பெரிய ரத்தக்கசிவிலும் பழையது மோசமாக இல்லை. இத்தனைக்கும் ஐ.என்.ஆர். சரியான அளவில் நின்றது ஏறக்குறைய அறுபது சதவீத நேரம்தான்.

ஏன் இப்படி? பழைய மாத்திரை பக்கம் குறைந்த மரணங்களில் பெரும்பகுதி திடீர் மரணமும் இதயச் செயலிழப்பும்தான், பக்கவாதம் இல்லை. ஐ.என்.ஆருக்காக அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்ததால் மற்ற தொல்லைகளும் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. அது முழுக்கப் போதாது என்பது என் எண்ணம். எப்படியானாலும், பிளேடால் கால் மாத்திரையாக வெட்டி, ஓரம் நைந்த ஐ.என்.ஆர். நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிற அந்த அம்மாக்கள் காலாவதியான வைத்தியத்தில் இல்லை. அவர்களுக்கு அதுதான் சிறந்தது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 84 வயசு, பழைய மாத்திரையில நல்லாத்தான் இருக்கார். மாத்திடலாமா?

அவசரப்படாதீர்கள். நெதர்லாந்தில் 75 வயதுக்கு மேற்பட்ட, உடல் தளர்ந்த 1,330 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் பழைய மாத்திரையில் நிலையாக இருந்தவர்கள். பாதிப் பேரைப் புதியதற்கு மாற்றியபோது கவனிக்க வேண்டிய ரத்தக்கசிவு 15.3 சதவீதத்தினருக்கு வந்தது, மாற்றாதவர்களில் 9.4 சதவீதத்தினருக்கு. ஃப்ரெயில்-ஏஎஃப் என்று பெயர், 2023-ல் வெளியானது.

இதைப் படித்துவிட்டு ‘வயசானவங்களுக்குப் புது மாத்திரை ஆகாது’ என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. ஆய்வு அதைச் சொல்லவில்லை. அதில் இருந்தவர்கள் ஏற்கெனவே வார்ஃபரின் வகையில் தாக்குப்பிடித்து நின்றவர்கள். புதிதாகத் தொடங்கும் முதியவருக்கு, அல்லது ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லா ஏ.எஃப். ஆளுக்கும் இந்த மாத்திரை உண்டா?

இல்லை. புள்ளி போட்டுப் பார்ப்பார்கள். இதயச் செயலிழப்பு, பிரஷர், சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வயது 65 முதல் 74 வரை ஒன்று, 75 ஆனால் இரண்டு. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண் என்பதற்கே ஒரு புள்ளி இருந்தது, 2024-ன் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. அதன்படி இரண்டும் அதற்கு மேலும் என்றால் மாத்திரை வேண்டும், ஒன்று என்றால் பேசி முடிவு செய்யலாம். வால்வு சுருக்கம் இருந்தால் புள்ளிக் கணக்கே கிடையாது, மாத்திரை உண்டு.

ஏ.எஃப். எப்போதாவது வந்து போகிறதா, எப்போதும் இருக்கிறதா என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பல் பிடுங்கணும். மாத்திரையை நிறுத்தணுமா?

ஒரு சாதாரணப் பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையிருக்காது. இரண்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசட்டும். பெரிய அறுவைக்கு வார்ஃபரினை நிறுத்தும்போது இடைவெளியில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுவது முன்பு வழக்கம். 2015-ல் பிரிட்ஜ் என்ற ஆய்வு 1,884 பேரிடம் பார்த்தது. ஊசி போடாதவர்களுக்கு அடைப்பு 0.4 சதவீதம், போட்டவர்களுக்கு 0.3. பெரிய ரத்தக்கசிவு போடாதவர்களுக்கு 1.3, போட்டவர்களுக்கு 3.2. ஆக, ஊசியால் பெரும்பாலோருக்கு லாபத்தைவிட நஷ்டம் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஆபத்து வேறு. ஒரு கிளினிக்கில் ‘ஐந்து நாள் நிறுத்துங்க’ என்று சொன்னார்கள், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து நான் வழக்கம்போல் போன் போட்டபோது அவர் இன்னும் நிறுத்தியே வைத்திருந்தார். நிறுத்தும் தேதியைக் கேட்கும்போதே தொடங்கும் தேதியையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

துடிப்பைச் சீராக்கிட்டா ஆயுசு கூடும்தானே?

எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அஃபர்ம் என்ற ஆய்வு 4,060 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் மருந்தால் தாளத்தைச் சீராக்குவது, இன்னொரு பக்கம் தாளம் எப்படியோ போகட்டும் என்று வேகத்தை மட்டும் அடக்குவது. 2002-ல் வந்த முடிவில், ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் சீராக்கிய பக்கம் 23.8 சதவீதம், வேகத்தை மட்டும் அடக்கிய பக்கம் 21.3. சீராக்கியதால் லாபம் இல்லை.

அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு பாடம் எனக்கு முக்கியம். பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தார்கள், அல்லது ஐ.என்.ஆர். குறைந்து கிடந்தது. ‘துடிப்பு சரியாயிடுச்சே’ என்று நிறுத்தியவர்களும் அதில் உண்டு. ஈசிஜியில் தாளம் சீரானது, ஆள் பக்கவாதத்தில் படுத்துவிட்டார்.

ஆனா எங்க டாக்டர் சீராக்குறதுதான் நல்லதுன்னு சொல்றாரே?

அவர் சொல்வது 2020-க்குப் பிந்தைய கதை. ஹம்பர்க்கின் பவுலஸ் கிர்ஷ்ஹோஃப் தலைமையில் ஈஸ்ட் ஆய்வு நடந்தது. 11 ஐரோப்பிய நாடுகள், 2,789 பேர், எல்லாருக்கும் ஏ.எஃப். கண்டுபிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொடக்கத்திலேயே சீராக்கியவர்களில் இதய நோய் மரணம், பக்கவாதம், இதயக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு நூற்றுக்கு 3.9. வழக்கமான வைத்தியத்தில் 5.0. லாபம் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

செய்தித்தாள் இதை ‘21 சதவீதம் குறைவு’ என்று போட்டது. நான் நோயாளிகளிடம் சொன்னது வேறு மாதிரி: நூறு பேர் ஒரு வருடம் இந்த வழியில் போனால் ஒருவர் தப்பிக்கிறார். இரண்டும் உண்மைதான். ஆனால் முடிவெடுக்க உதவுவது இரண்டாவது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரெண்டு ஆய்வும் எதிரும் புதிருமா இருக்கே, எதை நம்பறது?

இரண்டையும். கேள்வியே வேறு. அஃபர்மில் இருந்தவர்கள் சராசரியாக எழுபது வயதுக்காரர்கள், பலருக்கு நோய் நாள்பட்டது. ஈஸ்டில் புதிதாக வந்தவர்கள். நடுவில் இருபது வருடம் ஓடிவிட்டது, மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுக்கக் கற்றார்கள், தொடை வழியாகக் கம்பி செலுத்திச் செய்யும் அப்லேஷனும் வந்தது (அது பற்றிக் கீழே). எல்லாவற்றுக்கும் மேல், ஈஸ்டில் பத்தில் ஒன்பது பேர் ரத்தம் நீர்க்கும் மாத்திரையை விடவே இல்லை. புதிதாக வந்த ஏ.எஃப்.-ஐச் சீக்கிரம் பிடிப்பது ஒன்று, பத்து வருடமாக ஊறிப்போனதை இழுத்து நிமிர்த்துவது இன்னொன்று.

வேகத்தை எத்தனைக்குள்ள வெக்கணும்? எனக்கு 95 இருக்கு, பயமா இருக்கு.

ஓய்வில் 95 என்றால் பலருக்கும் அது பரவாயில்லை. நெதர்லாந்தின் ரேஸ்-2 ஆய்வு 614 பேரிடம் 80-க்குள் இறுக்குவதையும் 110-க்குள் விட்டுவிடுவதையும் ஒப்பிட்டு 2010-ல் சொன்னது: விளைவில் வித்தியாசம் இல்லை. இறுக்கியவர்கள் அந்த இலக்கை எட்டுவதற்காக மொத்தம் 684 முறை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள், மற்றவர்கள் 75 முறை. மூச்சு வாங்கினாலோ இதயம் பலவீனமாக இருந்தாலோ டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லலாம்.

அப்லேஷன் பண்ணிட்டா முழுசா சரியாயிடுமா?

‘முழுசா’ என்ற வார்த்தையை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேரின் குழு, ஏ.எஃப்.-ஐக் கிளப்பிவிடும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் வரும் குழாய்களின் வாயில் இருக்கிறது என்று காட்டியது. தொடை வழியாகக் கம்பியைச் செலுத்தி அந்த வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ வரப்பு கட்டுவதுதான் அப்லேஷன். வரப்பில் எங்காவது உடைப்பு வந்தால் மீண்டும் ஏ.எஃப். தலைகாட்டும், சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும்.

மருந்தைவிடத் துடிப்பை நன்றாக அடக்குகிறது என்பதில் சந்தேகம் இல்லை. கனடாவில் 303 பேரிடம் நடந்த ஏர்லி-ஏஎஃப் ஆய்வில் ஒரு வருடத்துக்குள் மீண்டும் வந்தது உறையவைத்தவர்களில் 42.9 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 67.8. தோலுக்கடியில் கருவி வைத்து அரை நிமிட நிகழ்வைக்கூட எண்ணினார்கள், அதனால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன.

அப்லேஷன் பண்ணினாலும் ஆயுசு கூடாதுன்னு ஒரு ஆய்வு வந்துதாமே?

கபானா. 2,204 பேர், 2019. மரணம், கடும் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, இதய நிறுத்தம் சேர்த்து அப்லேஷன் பக்கம் 8.0 சதவீதம், மருந்துப் பக்கம் 9.2. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கியதில் மருந்துப் பக்கம் விழுந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பொறுக்க மாட்டாமல் அப்லேஷனுக்குத் தாவினார்கள். அப்லேஷன் சீட்டு விழுந்தவர்களில் 9 சதவீதம் பேர் செய்துகொள்ளவே இல்லை.

‘அப்படியானால் உண்மையில் செய்துகொண்டவர்களை மட்டும் எண்ணினால் என்ன?’ என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்னை மடக்கினார். எண்ணினார்கள், 7.0-க்கு 10.9 என்று அழகாக வந்தது. ஆனால் அதை நம்ப முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டதால்தான் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருந்தது. யார் தாவினார், யார் பின்வாங்கினார் என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது. நோஞ்சானாக இருப்பவர் அப்லேஷனுக்குப் பயந்து ஒதுங்கினால், மிச்சம் இருக்கும் தெம்பானவர்களால் அப்லேஷனுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். அதனால் விழுந்த சீட்டின்படி எண்ணுவதுதான் முறை. வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘பாதியில வேற ஸ்கூலுக்குப் போன பையனோட மார்க்கையும் என் கிளாஸ் கணக்குலயே போடுற மாதிரி’ என்றார். அதேதான்.

அப்போ அப்லேஷன் எல்லாம் மனசுக்குத்தானா?

அந்தச் சந்தேகமும் நியாயமானதே. அதனால்தான் இங்கிலாந்தில் 126 பேரை மயக்கி, பாதிப் பேருக்கு உண்மையான அப்லேஷனும் மீதிப் பேருக்குப் போலி அப்லேஷனும் செய்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2024-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் ஏ.எஃப். இருக்கும் நேரம் உண்மையானதில் 60 சதவீதம் குறைந்தது, போலியில் 35. அன்றாட வாழ்க்கைத் தரமும் உண்மையான பக்கம் மேல். போலியிலும் 35 குறைந்ததே என்று யோசிக்கிறீர்களா? ஏ.எஃப். தானாக ஏறி இறங்கும் வியாதி, மோசமான சமயத்தில்தான் ஆள் ஆய்வுக்கே வருகிறார்.

இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னும் பலமான சாட்சி உண்டு. 2018-ல் வந்த கேஸில்-ஏஎஃப் ஆய்வில் இறந்தவர்கள் அப்லேஷன் பக்கம் 13.4 சதவீதம், மற்றப் பக்கம் 25. ஆனால் மூவாயிரம் பேருக்கு மேல் சலித்துத்தான் 363 பேரை எடுத்தார்கள். உங்கள் ஆள் அந்தச் சல்லடையில் நின்றிருப்பாரா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்லேஷன் முடிஞ்சுது, ரத்தம் நீர்க்கிற மாத்திரையை விட்டுடலாமா?

முதல் சில மாதம் கண்டிப்பாகக் கூடாது. அதற்கப்புறம் முடிவு செய்தது புள்ளிக் கணக்குதான், ஈசிஜி இல்லை. காரணத்தை அஃபர்ம் பற்றிய பதிலில் பார்த்தோம். இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. தென் கொரியாவில் அப்லேஷன் முடிந்து ஒரு வருடமாவது ஏ.எஃப். திரும்பாத 840 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். 2025-ல் வந்த முடிவில், இரண்டு வருடத்தில் பக்கவாதம், அடைப்பு, பெரிய ரத்தக்கசிவு சேர்த்து நிறுத்தியவர்களில் 0.3 சதவீதம், தொடர்ந்தவர்களில் 2.2. தொடர்ந்தவர்களுக்கு வந்ததில் பெரும்பங்கு ரத்தக்கசிவு.

இதை வைத்துக் கேள்வி கேட்கலாம், நீங்களாக நிறுத்த முடியாது. முன்பே பக்கவாதம் வந்தவர், வால்வு சுருக்கம் உள்ளவர் இந்தப் பேச்சுக்குள் வரவே வேண்டாம்.

காபியை விடணுமா? தண்ணி?

காபி தப்பித்துவிட்டது. ஷாக் கொடுத்து துடிப்பு சீராக்கப்பட்ட காபி பிரியர்கள் 200 பேரில் பாதிப் பேரைத் தினமும் ஒரு கோப்பையாவது குடிக்கச் சொல்லி, மீதியை அடியோடு விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது குடித்தவர்களில் 47 சதவீதம், விட்டவர்களில் 64. இது 2025-ல் வந்தது. டிகிரி காபிக்காரர்கள் சந்தோஷப்படலாம், சர்க்கரை அளவு வேறு விஷயம்.

மது தப்பிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் குடிக்கும் 140 பேரில் நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதத்தினருக்கும் நிறுத்தாதவர்களில் 73 சதவீதத்தினருக்கும் திரும்ப வந்தது. எடையும் அப்படித்தான். அடிலெய்டில் 355 பேரைப் பின்தொடர்ந்த லெகசி ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்து அப்படியே வைத்திருந்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. இது சீட்டுக் குலுக்கிய ஆய்வு இல்லை என்பதால் அந்த ஆறைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் அமெரிக்காவிலிருந்து வாட்ச் அனுப்பினான், அது ஏ.எஃப்.னு காட்டுது. உடனே மாத்திரை ஆரம்பிக்கணுமா?

முதலில் ஈசிஜி. ஆப்பிள் வாட்சை வைத்து 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வில் எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம்தான். அவர்களில் ஒட்டும் ஈசிஜி பட்டையைப் போட்டுத் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அதில் ஏ.எஃப். அகப்பட்டது.

தேடித் தேடிப் பிடித்தால் லாபமா என்பது அடுத்த கேள்வி. டென்மார்க்கில் 6,004 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்துத் தேடினார்கள். மூன்று மடங்கு ஏ.எஃப். அகப்பட்டது, பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. பேஸ்மேக்கர் பதிவில் மட்டும் தெரிகிற, ஆறு நிமிடம் முதல் ஒரு நாள் வரை நீடிக்கும் ஏ.எஃப்.-க்கு அபிக்ஸபான் கொடுத்துப் பார்த்தது ஆர்டீசியா. அதில் பக்கவாதம் வருடத்துக்கு 1.24-லிருந்து 0.78 ஆனது, பெரிய ரத்தக்கசிவு 0.94-லிருந்து 1.71 ஆனது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குகிற கணக்கு. முன்பு பக்கவாதம் வந்தவருக்கு இந்தப் பேரம் லாபம், அறுபது வயதில் வேறு குறை இல்லாதவருக்கு அப்படி இல்லை.

ஆய்வுல சேரச் சொல்றாங்க. எங்களை எலி மாதிரி வெச்சுப் பாக்கறாங்களா?

இதை என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் நிறைய, கோபப்பட ஒன்றும் இல்லை. இந்தியாவில் 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் முன்கூட்டியே அரசின் பதிவேட்டில் போட்டாக வேண்டும், அது இணையத்தில் யாரும் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு எது கிடைக்கும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கடைசியில் எதை எண்ணப் போகிறீர்கள், ஈசிஜியையா, பக்கவாதத்தையா, நான் மாடிப்படி ஏறுவதையா? ஆய்வு முடிந்த மறுநாள் எனக்கு எந்த மாத்திரை, யார் செலவில்? மூன்றாவதைக் கேட்டால் ஒருங்கிணைப்பாளர் சற்றுத் தடுமாறுவார். நானும் தடுமாறியிருக்கிறேன். பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், படிவத்தை அடுத்த முறை வரும்போது கொடுத்தால் போதும்.